அரை அழுத்தம்

சுங்கை பினாங்கில் மின்சாரம் இன்னும் வரவில்லை.
தண்ணீர் மட்டும்
வந்த வழியே போய்விட்டிருந்தது,
சேற்றை வாடகையாக வைத்துவிட்டு.

காப்புறுதிக் கம்பெனி அனுப்பிய ஆள் நான்.
சேதத்துக்கு எண் போடுவது வேலை.
கோகிலவாணி அம்மாள்
கைலியை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு
வாசலில் நின்றார். "பாத்து வாங்க, வழுக்கும்."
என் டார்ச் முந்தின வீட்டிலேயே செத்திருந்தது.
கைப்பேசியில் மூன்று விழுக்காடு.

கேமராவை உயர்த்தினேன்.
எதிரே தீபாவளிக்கு அடித்த வெள்ளைச் சாயம்.
லென்ஸ் முன்னே போனது, பின்னே வந்தது,
ழ்ழிக், ழ்ழிக்,
வீட்டு எண் இல்லாத தெருவில்
தபால்காரனைப்போல.

அப்போது எரிந்தது அது:
கேமராவின் நெற்றியோரம்
மிளகளவு விளக்கு. ஆரஞ்சு.
மூன்று மீட்டர்தான் அதன் கை நீளம்.
ஃபிளாஷுக்குச் சுடத் தெரியும்,
எங்கே என்று தெரியாது.
இந்தச் சின்னதுதான் முன்னால் போய்
தடவிப் பார்த்துவிட்டு வரும்.

ஆனாலும் வெறும் சுவர் பிடிகொடுக்கவில்லை.
ஒரு கீறல் வேண்டும், ஓர் ஆணி,
இருட்டும் வெளிச்சமும் உரசிக்கொள்ளும் ஒரு விளிம்பு.
சற்றுக் கீழே இறக்கினேன்.
வெள்ளம் போட்ட கோடு.
பீப்.
அந்தக் கறையைத்தான் பற்றிக்கொண்டது.

அளவுநாடாவைக் கோட்டருகே பிடிக்கச் சொன்னேன்.
ஆரஞ்சு எரிந்ததும்
படம் எடுத்தாயிற்று என்று நினைத்து
கையை இறக்கிவிட்டார்.
ஃபிளாஷ் அதற்குப் பிறகுதான் அடித்தது.
திரையில் எண் இல்லை.
பாதி இறங்கிய கை,
யாரும் பார்க்கவில்லை என்று நம்பிய முகம்.
"இன்னொன்னு எடுக்கணும்மா."
ஒரு மீட்டர் இருபத்தொன்று.

"அந்த வெளிச்சம் படத்துல விழுமா?"
"விழாதும்மா. எடுக்கறதுக்கு முந்தியே அணைஞ்சிடும்."
"அப்ப கொஞ்ச நேரம் எரியவிடுங்களேன்.
அவரு கீழ்ப்பல் செட்ட விட்டுட்டுப் போயிட்டாரு.
பள்ளிக்கூட மண்டபத்துல
ரெண்டு நாளா வெறும் கஞ்சி."

பிடிபட்டதும் அணைந்துவிடும் விளக்கு.
எரிய வேண்டுமென்றால்
லென்ஸ் தோற்க வேண்டும்.
சுவரில் ஒன்றுமே இல்லாத இடமாகத் தேடிக்
கேமராவைக் காட்டி,
பொத்தானைப் பாதி அழுத்தினேன்.
அலைந்தது. அலையட்டும்.
ஓய்ந்தால் மறுபடி பாதி.

வெள்ளையில் பட்டுத் திரும்பிய மங்கலில்
அவர் அலமாரியின் அடித்தட்டைத் துழாவினார்.
ஊறிப்போன அரிசி.
ஒற்றைச் செருப்பு.
ரசீது இல்லாத மிக்சி.
ஒவ்வொன்றுக்கும் என் கண்
தன்னால் விலை போட்டுக்கொண்டிருந்தது.

அவருடைய பாலிசியில் தீ உண்டு, வெள்ளம் கிடையாது.
காலையிலேயே படித்துவிட்டேன்.
அவர் கேட்கவில்லை.
நான் பொத்தானைப்
பாதி அழுத்தியபடியே நின்றேன்.

"ஆங்!"
மைலோ டின்னுக்குள் இருந்திருக்கிறது.
கேமராவோடு திரும்பினேன்.
அவர் உள்ளங்கையில் ஒரு வரிசைப் பல்.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
எத்தனை கோடுகள்!
லென்ஸ் யோசிக்கவே இல்லை.
பீப். விளக்கு அணைந்தது.
விரல் மீதிப் பாதியையும் அழுத்திவிட்டது.

இருட்டில் அவர் சிரிக்கும் சத்தம்.
"ஐயோ, இதையுமா எடுத்தீங்க?"

அறிக்கையோடு இருபத்திரண்டு படங்கள் போயின.
கடிதம் அவருக்கு எந்தக் கிழமை போய்ச் சேர்ந்தது
என்று நான் விசாரிக்கவில்லை.
இருபத்துமூன்றாவது என்னிடம் இருக்கிறது.
நல்ல கூர்மை.
ஒவ்வொரு பல்லையும் எண்ணலாம்.
பின்னால் சுவரும் கோடும்தான் மங்கல்.